ஏழு மில்லிமீட்டர்

பகலெல்லாம் காற்றை வரைகிறவன் நான்.
தெம்பனிஸில் எழும் கடைத்தொகுதிக்கு
எந்த உத்தரத்தின் அடியில் எந்தக் குழாய் போகும்,
எது எதை இடிக்கும் என்று
திரையில் சிவப்புப் புள்ளி வைப்பதற்குச் சம்பளம்.

வேலை வீட்டிலிருந்தே. ஈசூன், ஒன்பதாம் மாடி,
இரண்டு கட்டில் போட்ட வாடகை அறை.
மற்றக் கட்டில் திரவியத்துடையது.
சாங்கியில் இரவெல்லாம் பெட்டி ஏற்றிவிட்டு
விடிந்தபின் வந்து விழுவான்.
ஏசி இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை மட்டும்;
வீட்டுக்காரம்மா சட்டம்.
ஆக, அவன் தூங்குகிற நேரம் முழுக்க
வெக்கையும் என் கணினியும்.

கணினி சும்மா கிடக்காது.
பெரிய மாதிரியைத் திறந்தால் தொண்ணூற்றாறு டிகிரி.
சில்லோடு இலவசமாய் வந்த விசிறி
புளோக் அடியில் புல்வெட்ட ஆள் வந்ததுபோல் இரையும்.
திரவியம் ஒன்றும் சொன்னதில்லை.
தலையணையைக் காதுமேல் கவிழ்த்துக்கொள்வான்,
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதான் என்னைப் படுத்தியது.

தண்ணீரா, காற்றா?
மூன்று இரவு யோசித்தேன்.
தண்ணீர் என்றால் பம்பு, குழாய், என்றைக்காவது ஒரு கசிவு.
குழாய்களை எனக்குத் தெரியும்.
காற்றே போதும்.

சிம் லிம் ஸ்குவேரில் கடைக்காரர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
கேஸுக்குள் உயரம் எவ்வளவு?
போதும், என்றேன்.
எண்ணைத்தான் கேட்டேன் என்பதுபோல் பார்த்துவிட்டு
ரசீது கிழித்தார். எண்பத்தொன்பது வெள்ளி.
ரயிலில் மடியில் வைத்திருந்தேன்.
எதிரில் நின்ற பையன் அம்மாவிடம்
கேக் என்று சொன்னான்.

ஞாயிறு இரவு, திரவியம் வேலைக்குப் போனதும்
பெட்டியைக் கட்டில்மேல் சாய்த்தேன்.
பழையதைத் திருகி எடுக்க, அடியில்
வெற்றிலைப்பெட்டிச் சுண்ணாம்பாய்க் காய்ந்த பசை.
சாராய வாசனைத் துணியால் துடைத்தேன்,
சில்லில் என் மூக்கு தெரியும்வரை.
தாய்ப்பலகையைக் கழற்றி முதுகில் தகடு பொருத்தி
மறுபடி உள்ளே விட்டு,
மிளகளவா பட்டாணியளவா என்று
ஊரே சண்டை போடும் புதுப் பசையை
பட்டாணிக்குச் சற்றுக் குறைவாக வைத்தேன்.
அடிக்காகிதத்தை உரிக்கச் சொல்லி
அதன்மேலேயே எழுதியிருந்தது. உரித்தேன்.
திருகாணிகளை மூலைக்கு மூலை,
ஒவ்வொன்றும் அரைச் சுற்று.

கோபுரம் அடங்கியது.
விசிறிதான் மெமரிக் குச்சிகளின் தலையில் இடித்து
ஏழு மில்லிமீட்டர் மேலே ஏறி நின்றது.
பக்கத் தகடு மூடவில்லை.

அழுத்திப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.
ஊர்க் கட்டடங்களின் இடிபாடெல்லாம் கண்டுபிடிக்கிறவன்
கையில் ஒரு தகட்டோடு
தரையில் உட்கார்ந்திருந்தேன்.

திறந்தபடியே ஓட்டினேன்.
அறுபத்திரண்டு டிகிரி.
சில்லை விட்ட சூடு எங்கே போகும், அறைக்குத்தான்.
ஆனால் சத்தமில்லை.
லிப்ட் நிற்பது கேட்டது. கீழ்வீட்டில்
மாஜோங் கட்டைகளைக் கலைப்பது கேட்டது.

காலையில் திரவியம் வந்தான், படுத்தான்.
அரைமணி கழித்து எழுந்து உட்கார்ந்தான்.
கரண்ட் போயிருச்சா?
இல்லையே.
மறுபடி படுத்தான். புரண்டான்.
டேய், பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுவது,
எவனோ கூண்டுப் பறவைக்கு விசிலடிப்பது,
எல்லாம் காதுக்குள்ள வருதுடா.
அந்தப் பழைய இரைச்சலைப் போடேன்.

குப்பைக்கூடையிலிருந்து எடுத்தேன்.
பலகையில் ஒரு இணைப்பு காலியாக இருந்தது.
திறந்த பக்கம் வழியாக வெளியே இழுத்து
பிளாஸ்டிக் பட்டையால் கட்டித் தொங்கவிட்டேன்.
எதையும் குளிர்விக்காமல்
முழு வேகத்தில் சுற்றுகிறது.

பக்கத் தகடு அவன் கட்டிலுக்கடியில்.
அதன்மேல் அவன் பூட்ஸ்.