நாற்பது வாட்

குதைபியாவில் பழைய சாமான் கடை.
பதினெட்டு தினாருக்கு ஒரு கிட்டார் ஆம்ப்.
என் கீபோர்டைச் செருகிக் கீழ் ஸ்தாயியை அழுத்தினேன்.
தகரத்தில் ஆணி உருட்டியதுபோல் உறுமிற்று.

பக்கத்தில் இன்னொன்று, கீபோர்டுக்கென்றே செய்தது:
நாற்பது வாட்,
பேரம் பேசிய பிறகும் நாற்பத்தொன்று.
"வெள்ளிக்கிழமை ஹாலுக்குப் போதுமா?"
"ஹால் நிறைஞ்சா போதாது சேட்டா,"
என்றான் சுதீந்திரன்.
"நிறையுமா?"
இதுவரை நிறைந்ததில்லை.

ஆறு பேர் படுக்கும் அறைக்கு
எத்தனை வாட் என்று அவனிடம் கேட்கவில்லை.
ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது,
உள்ளே யாருடையதோ உடைந்த முனை.

லிஃப்ட் பழுது. நான்கு மாடி.
பதினோரு கிலோவை நெஞ்சோடு அணைத்து
படிக்கு ஒரு தினாராய் எண்ணி,
நாற்பத்தொன்று தாண்டியும் படிகள் இருந்தன.

மேல் கட்டிலில் செலஸ்டின்,
இரவு ஷிஃப்ட் முடிந்த தூக்கம்.
வால்யூமைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே
மயிரிழை நகர்த்தி
ஒரே ஒரு கட்டையைத் தொட்டேன்.
ஏசியின் இரைச்சலுக்குள் போய் ஒளிந்துகொண்டது.
அப்பாடா.

கண் திறக்காமல் சொன்னான்:
"ஏசியோட சேரலைடா.
அரைக்கட்டை ஏத்து."