கையுறை

யோகநாயகம் அண்ணை தொலைபேசியில் சொன்னார்:
"தங்கச்சி, ஒளி விழா மலருக்கு இருபது வரி தாங்கோ.
மண்டபம் இந்தமுறை தை மாசம்தான் கிடைச்சது,
அதால அவசரமில்லை. இருபத்தேழுக்கு முதல் காணும்.
பனி, நட்சத்திரம், மாட்டுத் தொழுவம்,
பாத்துப் போடுங்கோ."

பேர்ண் ரயில் நிலையம், கீழ்த்தளம்,
தொலைந்த பொருள் அலுவலகம்.
இங்கே நாளுக்கு எண்பது வரி எழுதுகிறேன்.

பொருள், நிறம், கிடைத்த இடம், நேரம், வேறு குறிப்பு.
ஐந்து கட்டத்துக்குள்
மார்கழி முழுவதும் வந்து விழுகிறது.

தொப்பி, பச்சை, பாதி பின்னியது, ஊசி இன்னும் அதில்.
சிறகு ஒரு சோடி, அட்டையில் வெள்ளித்தாள்,
ஏழு வயதுக்கு அளவு, துன் ரயில், இரண்டாம் பெட்டி.
அந்தப் பிள்ளை அன்று எப்படிப் பறந்துபோய்
இடையர்களுக்குச் செய்தி சொன்னதோ.
பிஸ்கட் தகரம் ஒன்று, முகவரி இல்லை.
கெட்டுப்போகும் பொருளை
ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.
நானும் ரெகுலாவும் விதிப்படியே நடந்தோம்.
வெண்ணெய் கொஞ்சம் கூட.

கையுறைதான் அதிகம். எப்போதும் ஒற்றை.
ஒரு கையைக் கழற்றினால்தான்
பயணச்சீட்டு எடுக்கலாம், மூக்குத் துடைக்கலாம்,
இன்னொரு கையைப் பிடிக்கலாம்.
மறதி அந்த ஒரு கைக்குத்தான்.

இரவு, வாபேர்ண் போகும் டிராமில்
ஆவி படிந்த கண்ணாடியில்
'பனி' என்று விரலால் எழுதினேன்.
எழுத்துக்குள்ளால் ஒரு நகைக்கடை போயிற்று,
கஷ்கொட்டை வறுப்பவரின் புகை போயிற்று.
அடுத்த தரிப்பில் எழுத்தே வடிந்துவிட்டது.
இருபது வரி பாக்கி.

இருபத்துநான்காம் தேதி நான்கு மணிக்கு மூடுவோம்.
மூன்று ஐம்பதுக்கு ஒருவர் வந்தார்.
தோளில் விழுந்த பனி உள்ளே வந்தும் கரையவில்லை.
மேசையில் ஒரு கையுறை வைத்தார்.
சிவப்பு, பெண்கள் அளவு, வலது.
விலைச்சீட்டு கட்டிய நூல் இன்னும் மணிக்கட்டில்.

அதன் இடது என்னிடம் இருந்தது.
பத்தொன்பதாம் தேதி, லாங்னாவ் ரயில், சன்னலோரம்.
எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.
வருடத்தில் இரண்டு தடவைதான் இப்படிச் சோடி சேரும்.
சேர்ந்தால் ரெகுலா மேசை மணியை அடிப்பாள்.

"இல்லை," என்றார், "எடுத்துப்போக வரவில்லை.
இதையும் கொடுக்க வந்தேன்.
கண்டெடுத்தவருக்கு ஒன்று மட்டும் எதற்கு?"

மணிக்குப் போன ரெகுலாவின் கை
பாதியில் நின்றது.

பெயர் கேட்டேன். வேண்டாம் என்றார்.
இரண்டு வெறுங்கையையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு
நல்ல திருநாள் என்று சொல்லிப் போனார்.
படியில் ஒருமுறை திரும்பினார்.
பார்த்தது கடிகாரத்தை.

கணினி இரண்டையும் ஒன்றாகப் பதிய விடவில்லை.
ஒரு பொருளுக்கு ஓர் எண்.
கையுறை, கையுறை என்று இரண்டு தரம் தட்டியபோது
பள்ளியில் படித்த மற்றக் கையுறை வந்து நின்றது:
தலைவன் கொண்டுவரும் தழை.
தோழி வாங்க மாட்டாள்.
அதற்கென்றே ஒரு துறை, கையுறை மறுத்தல்,
சோதனையில் ஐந்து புள்ளி.
மறுத்த தழையை அவன் பிறகு என்ன செய்தான்?
ஆற்றில் விட்டானா, ஆட்டுக்குப் போட்டானா,
வாடும்வரை கையிலேயே வைத்திருந்தானா?
வினாத்தாளும் கேட்கவில்லை, ரீச்சரும் சொல்லவில்லை.

பொதி கட்டும் நூலில் ஒரு முழம் வெட்டி
இரண்டையும் சேர்த்துக் கட்டினேன்.
முடிச்சுக்கு ரெகுலா விரல் வைத்தாள்.
வேறு குறிப்புக் கட்டத்தில்
என்னையறியாமல் தமிழில் தட்டியிருக்கிறேன்:
புதியது. குளிருக்கு ஒருமுறையும் போடாதது.
அழித்துவிட்டு யேர்மனில் எழுதினேன்:
சோடி.

பிறகு விளக்கை அணைக்காமல்
அந்தப் பதிவேட்டையே வரி வரியாகப் பார்த்து
ஒரு தாளில் எழுதி அனுப்பினேன்.

இருபத்தாறாம் தேதி அண்ணை எடுத்தார்.
"இருபதுக்கு நல்லாக் கூடிப்போச்சு, பரவாயில்லை.
எல்லாம் இருக்கு. பாலன் எங்கை?"

தட்டில் அட்டைச் சிறகு இன்னும் இருந்தது.
"இன்னும் ஒருத்தரும்
கொண்டுவந்து ஒப்படைக்கேல்லை அண்ணை," என்றேன்.