கணக்கில் வராத காற்று

"ஒரு காபி. குடித்ததும் கிளம்பிவிடுகிறேன்"
என்று கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான் துல்லியோ.
சாவியை மேசைமேல் வைத்தான்.
பதினோரு வருடச் சாவி.
ஓசை சின்னதாகத்தான் கேட்டது.

மொக்கா பாத்திரத்தில் நீர் பிடித்தேன்.
திரியெஸ்தேயின் ஜனவரிக் குழாய்:
பதினான்கு டிகிரி, விரல் சொன்னது.
துறைமுகத் தொழிற்பள்ளியில்
பையன்களுக்கு வெப்பம் நடத்துகிறவள் நான்.
பயம் வந்தால் சிலர் ஜெபிப்பார்கள்.
நான் வகுப்பேன்.

நூற்றைம்பது கிராம் நீர்.
ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற
நாலு புள்ளி இரண்டு ஜூல் கேட்கும்.
தொண்ணூற்று நான்கில் மேலே பொங்கும்
என்று வைத்துக்கொண்டால் ஏறவேண்டியது எண்பது.
ஐம்பதாயிரத்துச் சொச்சம்.
சுடர் எண்ணூறு வாட்;
அதில் பாதி பாத்திரத்தைத் தொடாமலே
கூரைக்குப் போய்விடும், ஊதாரி.
மிச்சம் நானூறு.
இரண்டு நிமிடம், ஆறு நொடி.

பொறு, அலுமினியமும் சூடாக வேண்டுமே.
முந்நூறு கிராம் உலோகத்துக்கு
ஐம்பத்து நான்கு நொடி.

ஆக மூன்று நிமிடம்.
அதற்குள் சொல்லிவிட வேண்டும்,
படகை விற்றுவிட்டேன் என்று.
முஜ்ஜியா கொட்டகையில் இரண்டு குளிர்காலம்
பலகை பலகையாக இருவரும் இழைத்த படகை.

முதல் நிமிடம்
அவன் அம்மாவின் முழங்கால் பற்றிப் பேசினோம்.
இரண்டாவதில் யாரும் பேசவில்லை.
சூடேறும் நீர் எதையும் காட்டிக்கொள்ளாது:
அறுபதில் ஒரு முகம்,
எழுபதிலும் அதே முகம்.

மூன்று முடிந்தது.
பாத்திரம் வாய் திறக்கவில்லை.
நானும்.

எங்கே பிசகினேன்?
குனிந்து பார்த்தேன். சுடர் நேராக நிற்கவில்லை,
ஒருக்களித்துப் படுத்திருந்தது.
வெளியே போரா,
மலையிலிருந்து கடலுக்குத் தலைதெறிக்க ஓடும் எங்கள் ஊர்க் காற்று.
ஜன்னல் சட்டத்தின் விரிசல் வழியே
ஒரு விரல் அளவு உள்ளே வந்து
என் ஜூல்களைத் திருடிக்கொண்டிருந்தது.
அந்த விரிசலை அடுத்த வாரம் அடைக்கிறேன் என்று
அவன் எத்தனை வாரம் சொன்னான்!
அடைக்காமல் விட்டது
இன்றைக்கு எனக்கு ஒன்றரை நிமிடம்.

"துல்லியோ, நம் படகு..."

"தெரியும், நிவெஸ்.
ஞாயிறன்று துறையில் பார்த்தேன்.
நீலம் அடித்திருக்கிறார்கள்."
கொஞ்ச நேரம் கழித்து,
"மோசமில்லை" என்றான்.

அப்போதுதான் பாத்திரம் கனைத்தது,
செருமியது, கறுப்பாகப் பொங்கியது.
நாலு நிமிடம், முப்பத்தைந்து நொடி.
பையன் எவனாவது இந்த விடையை எழுதியிருந்தால்
சிவப்பு மையில் கேட்டிருப்பேன்:
காற்று எங்கே?

இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.
ஆறுவதற்கும் ஒரு சூத்திரம் உண்டு;
போட்டுப் பார்க்கவில்லை.
அவன் குடிக்காமல்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புட்டி இருக்கிறதா?"

"இருக்கும்" என்றேன்.
"காய்ந்துபோயிருக்கும்."