அச்சுப் பரப்பு

திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
பெயர், ஆட்கள், லிட்டர், குழாயின் நீளம்,
கடைசியில் குறிப்பு என்று ஒன்பது பத்திகள்.
கெம்ச்சி நகராட்சியின் கோடைத் தண்ணீர்ப் பட்டியல்.

வருடம் முழுக்க மழை கொட்டும் தீவு இது,
சனவரி வந்தால் கிணறுகள் கைவிரிக்கும்.

அச்சிடு என்றேன்.
ஒன்பதாம் பத்தி மட்டும் பிரிந்து
தனித்தாளில் வந்து விழுந்தது:

நாய் கடிக்கும்.
பாலம் உடைந்துவிட்டது, தேவாலயப் பக்கமாக வரவும்.
காது கேட்காது. ஹாரன் மூன்று முறை.
தொட்டியில் ஓட்டை, பாதி போதும்.
குழந்தை பிறந்திருக்கிறது.

யார் வீட்டு நாய்? யார் வீட்டுக் குழந்தை?
பெயர்களோ முதல் தாளில்
ஒரு குறையும் இல்லாதவர்கள் போல
விறைப்பாக நின்றுகொண்டிருந்தன.

லாரி மலையேறினால்
எரிபெர்த்தோவின் கைபேசி வெறும் கண்ணாடி.
தாள்தான் அவருக்கு வழி.

எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பொருத்த ஒரு வசதி உண்டு.
பொருத்தினேன். ஐம்பத்தெட்டு விழுக்காடு.
எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.
"என்ன நெல்டா, எறும்புப் படையா?
சர்க்கரை எங்கே?"

அன்று மாலை அலுவலகம் காலியானபின் உட்கார்ந்தேன்.
புவேர்த்தோ மோன்ட்டிலிருந்து வந்த கோப்பு
ஏ-நான்கு என்று நம்பிக்கொண்டிருந்தது,
எங்கள் தட்டில் இருப்பதோ நீளமான ஒஃபீசியோ தாள்.
அதை மாற்றினேன்.
படுக்கைவாட்டில் திருப்பினேன்.
ஒவ்வொரு தாளின் உச்சியிலும்
தலைப்பு வரி திரும்ப வரச் செய்தேன்
(போன கோடையில் மூன்றாம் தாளில்
முப்பது மீட்டர் குழாயை
முப்பது லிட்டர் என்று படித்து
ஒரு வீட்டுக்கு இரண்டே வாளி கிடைத்தது).
ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு இளஞ்சாம்பல்,
கையுறை போட்ட விரல் வழுக்காமல் ஓட.
ஒரே முற்றத்து பார்ரியா வீடுகள் இரண்டின் நடுவே
பக்கம் உடைந்தது.
அந்த உடைப்பை ஒரு வரி மேலே தள்ளினேன்.
ஓரங்களைச் சுரண்டினேன், அரை சென்டிமீட்டர் வரை.

நான்கு தாள். நான்கே தாள்.
சூடாக வெளிவந்ததைத் தட்டி அடுக்கி
முனை பிசகாமல் ஒரு பின் குத்தியபோது
எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது உண்மை.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை,
தாள்கள் திரும்பின:
எட்டாக மடித்து, டீசல் வாசனையோடு.
எல்லா வரிக்கும் டிக் இருந்தது.
நான்காம் தாளில் மட்டும்
கீழே எழுத இடமில்லாமல் தாளையே சாய்த்து
பக்கவாட்டில் ஏறியிருந்தது பென்சில்:
ஒலேகாரியோ மன்சீயா. தனி ஆள். இருநூறு.
உன் பட்டியலில் இல்லை, வாசலில் இருக்கிறான்.
அடியில் மிஞ்சியதை ஊற்றிவருகிறேன்.

கோப்பைத் திறந்தேன்.
இருந்தார்.
டிசம்பரில் நானே தட்டிய பெயர்.
அச்சுப் பரப்பு மட்டும் போன வருடத்தது,
நூற்று அறுபத்தொன்றாம் வீட்டோடு முடிகிறது.
அந்தப் புள்ளிக்கோடு
அவர் தலைக்கு மேலாகப் போகிறது.
தினமும் அதைப் பார்த்திருக்கிறேன்.
ஓரம் சரியா, எழுத்து சரியா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

கோட்டை இழுத்து அவருக்குக் கீழே விட்டேன்.
கீழ் ஓரத்தை மூன்று சென்டிமீட்டர் ஆக்கினேன்.
உடனே ஐந்தாம் தாள் முளைத்தது:
தலைப்பு வரி, மன்சீயா, அப்புறம் வெள்ளை.

தொண்ணூற்றாறு விழுக்காட்டுக்குச் சுருக்கினால்
நான்கில் அடங்கிவிடும்.
விரல் அங்கே போனது. எடுத்துக்கொண்டேன்.

"ஒரு ஆளுக்கு ஒரு தாளா?
தாள் என்ன மரத்திலா காய்க்கிறது?"
என்றார் செயலர், யோசிக்காமல்.
மரத்திலிருந்துதான் என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எரிபெர்த்தோ
ஐந்தாம் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பின்னை உருவி, அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

"மீதி இடம் காலியா நெல்டா?
என் உருளைக்கிழங்குக் கணக்கை
இதில் போட்டுக்கொள்ளட்டுமா?"