சுற்றுவழி

ஹுஸ்தா கோபானா, வயது நாற்பத்தாறு.
எல் ஆல்தோவிலிருந்து லா பாஸுக்கு இறங்கும் மினிபஸ்ஸில்
கதவைப் பிடித்துத் தொங்கியபடி
நிறுத்தங்களின் பெயரைக் கூவுவது வேலை.
புகைத்ததே இல்லை.
முன்னால் போன லாரிகள்
இருபத்திரண்டு வருடம் அவளுக்கும் சேர்த்துப் புகைத்தன.

இடது நுரையீரலின் மேல்மடலில் கட்டி.
எலுமிச்சை அளவு என்றேன்.
எங்கள் படிப்புக்குப் பழக்கடைதான் அளவுகோல்.
"யுங்காஸ் எலுமிச்சையா, சின்னதா?" என்று கேட்டாள்.

மருந்துச் சீட்டின் பின்னால் வரைந்து காட்டினேன்:
குரலை ஆட்டும் நரம்பு
தொண்டை வழியாகவே இறங்குகிறது, அங்கே நிற்பதில்லை,
நெஞ்சுவரை வந்து
பெருந்தமனியின் அடியில் வளைந்து
மறுபடி தொண்டைக்கு ஏறுகிறது.
அந்த வளைவில் குந்தியிருக்கிறது கட்டி.

நெடுநேரம் பார்த்தாள்.
"இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்
திரும்பி வருகிற வண்டியா?
எங்கள் சங்கத்தில் அபராதம் போடுவோம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"ஒட்டியிருந்தால்?"
"வெட்ட வேண்டும்."
"வெட்டினால்?"
"பேசலாம். கூவ முடியாது."

கையெழுத்துக்கு முன்
தெமெத்ரியோவை வெளியே அனுப்பினாள்.
கணவன் அல்ல. பன்னிரண்டு வருடமாக
அவள் குரலுக்கு பிரேக் போடுகிறவன்.
"அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்,
இருக்கும்போதே."

ஐந்தாம் விலா இடைவெளி.
மயக்க மருத்துவர் எஃப்ரைன் இடப்பக்கக் காற்றை நிறுத்த
நுரையீரல் ஈரத்துணியாய் மடங்கியது.
விரல்நுனியில் கட்டியின் கெட்டி,
அதற்கப்பால் தமனியின் இடி,
இரண்டுக்கும் நடுவே
தையல் நூலைவிடச் சற்றே தடித்த வெள்ளை.
நாற்பது நிமிடம் பிரித்துப் பார்த்தேன்.
இன்னும் பத்து நிமிடம் முயன்றிருந்தால்?
நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னால்
யாருடைய நெஞ்சை என்று கேட்கிற தொழில் எனக்கு.
கத்தரிக்குச் சத்தமில்லை.

பிறகு புட்டி.
விலாவிலிருந்து இறங்கிய குழாய் தண்ணீரில் முடிய,
ஏழு நாள் குமிழி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றே கஞ்சம்,
அதிலும் கசிவு.
இருமச் சொல்வேன்; இருமுவாள்;
குமிழி வரும்; இருவரும் புட்டியைப் பார்ப்போம்.
எட்டாம் நாள் தண்ணீர் அசையவில்லை.
செவிலி ரொஸேந்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்,
நான் பார்க்காதபோது.

வாய்த் தண்ணீருக்கும் புரையேறியது ஹுஸ்தாவுக்கு.
மோவாயை மார்பில் அழுத்தி விழுங்கப் பழக்கினார்கள்.
புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.
அந்த வாரங்களில் அது நானாக இருக்கலாம்.

ஏழு மாதம் கழித்து, சேஹாவில், ஆலங்கட்டி மழை.
கிடைத்த வண்டியில் தொற்றினேன்.
கதவில் அவள்.
கழுத்தில் அட்டை, சிவப்புப் பெயின்ட்டில்: ப்ராதோ, பெரெஸ், சான் பெத்ரோ.
தகரத்தில் உள்ளங்கையால் ஓர் அடி, நில்.
இரண்டு, போ.
அட்டை படிக்கத் தெரியாத கிழவர் கேட்டார்;
குனிந்து அவர் காதுக்குள் சொன்னாள்.
அவர் ரகசியம் கேட்டவர் போலத் தலையாட்டினார்.

என்னைத் தெரிந்தது அவளுக்கு.
காசுக்குக் கை நீட்டினாள், முழுக் காசு.
சில்லறையும் சரியாகத் தந்தாள்.

இறங்க வேண்டுமென்றால் பயணிதான் கத்த வேண்டும்.
என் தெருமுனை வந்தது.
வாயைத் திறந்தேன்.
அவளுக்கு முன்னால் உரக்கக் கேட்க
வரவில்லை.
முனை போனது, மருந்துக்கடை போனது,
பள்ளத்தில் இரண்டு திருப்பம் போனது.

"தாண்டிவிட்டீர்கள், டாக்டர்."
காற்றில் பாதி, சொல்லில் பாதி.
"அபராதம்."

தகரத்தில் ஓர் அடி.
இறங்கி, வந்த வழியே மேட்டில் நடந்தேன்.
இந்த ஊரில் எல்லோருக்கும்தான்
மூச்சு வாங்கும்.