ஏழாம் வரவு

புது ஜாடி ஒன்று இரண்டு ஸ்லோட்டி நாற்பது காசு.
ஒருமுறை கழுவ நாற்பது காசு.
தூக்கி எறியும் பிளாஸ்டிக் கிண்ணமோ
எழுபதே காசு.
ஆகவே ஒரு ஜாடி
ஏழாம் முறை தயிரோடு வெளியே போகும்போதுதான்
பிளாஸ்டிக்கை வெல்கிறோம்.
அதுவரை அது கடன்.
வெள்ளை மூடி போட்டுக்கொண்டு
சுவாவ்கி நகரத்துக் குளிர்பெட்டிகளில்
உட்கார்ந்திருக்கும் கடன்.

வங்கியில் இதை விளக்கியவள் நான்.
"திரும்பி வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"
ஒரு ஸ்லோட்டி முன்பணம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
நானும்தான்.

செலவு என்றால் போனது.
வரவு என்றால் வந்தது.
இரண்டு சொல்லையும் அவற்றின் பழைய பொருளிலேயே
எழுதும் கணக்காளர் இந்த ஊரில் நான் ஒருத்திதான்:
திங்கள், செலவு அறுநூறு.
வியாழன், வரவு ஐந்நூற்றுச் சொச்சம்.

வருபவை வெறுமனே வருவதில்லை.
ஒன்றில் கோட்டுப் பொத்தான்,
ஒன்றில் சதகுப்பை விதை,
ஒன்றில் ஒரு பால்பல்.
யாகோதா அவற்றைக் கழுவும் எந்திரத்தின் மேல்
வரிசையாக வைப்பாள்.
யாரும் தேடி வந்ததில்லை,
பல்லைத் தவிர.
பல்லுக்கு ஒரு சிறுமி தொலைபேசியில் அழைத்தாள்.

அக்டோபரில் வரவு விழுந்தது.
நூற்றுக்கு எண்பத்தெட்டு
அறுபத்தொன்றாயிற்று.
திமொன் ஓட்டிவந்த வண்டியில்
பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி
இளப்பமாகச் சத்தமிட்டன.
"முன்பணத்தை இரண்டாக்கு" என்றாள் முதலாளி லியோகாதியா.
இரண்டாக்கினால் புது ஆள் ஒருவரும் வாங்கமாட்டார் என்றேன்.
குளிர்கிடங்கில் நின்றபடி
வாயில் ஆவி பறக்கச் சண்டையிட்டோம்.
கடைசியில் இரண்டாயிரம் புது ஜாடிக்கு ஆணை எழுதினேன்.
கையெழுத்து மட்டும் பாக்கி.

நவம்பர் ஒன்று.
இறந்தவர்களைப் பார்க்க ஊரே கிளம்பும் நாள்.
நானும் போனேன்,
என் முன்னாள் கணவனின் தாயாரிடம்.
பழக்கதோஷம்.
விளக்கு வைக்கக் குனிந்தபோது
பக்கத்துக் கல்லில்
எங்கள் ஜாடி.

உள்ளே மெழுகு, திரி, சுடர்.
கண்ணாடியில் புடைத்த எங்கள் பசு
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.
அடுத்த கல்லிலும் ஒன்று.
அதற்கடுத்த கல்லில் மூன்று.
தொழில் புத்தி யாரை விட்டது?
வரிசை வரிசையாக நடந்து
உதடு அசைய அசைய எண்ணினேன்.
செபம் என்று நினைத்து
யாரோ ஒருவர் எனக்கும் சேர்த்துச்
சிலுவைக் குறி போட்டார்.
முந்நூற்றுப் பதினெட்டு.
வடக்கு மதில் பக்கம் போகவில்லை.

"தொலையவில்லை, எரிந்துகொண்டிருக்கின்றன" என்று
அன்றிரவு லியோகாதியாவிடம் சொன்னேன்.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"அம்மாவுக்கு நானும் அதில்தான் வைத்தேன்" என்றாள்.
முன்பணம் கட்டினாயா என்று கேட்டேன்.
வைத்துவிட்டாள்.

மறுநாள் திமொன்
கல்லறைத் தோட்டத்து வாசலில்
ஆறு பெட்டிகளை இறக்கினான்.
அட்டையில் அவன் கையெழுத்து:
அணைந்தபின் இங்கே.

வந்தன.
கரி பிடித்து, அடியில் மெழுகு உறைந்து,
பைன் ஊசிகள் ஒட்டி.
மெழுகு குழாயை அடைத்தது.
இரண்டு நாள் எந்திரம் நின்றது.
பழுதுக்கு எண்ணூறு.
யாகோதா திட்டிய திட்டில் செத்தவர்களுக்கும் பங்கிருந்தது.
பிறகு அவளே ஒரு வெந்நீர்த் தொட்டி கேட்டாள்,
மேலே மிதந்த மெழுகை வழித்து
தனியே சேர்த்தும் வைத்தாள்.
எதற்கென்று சொல்லவில்லை.

ஆணையை நான் கிழிக்கவில்லை.
இரண்டாயிரத்தை அடித்து
நானூறு என்று திருத்தினேன்.
கணக்குப் புத்தகத்தில்
செலவுக்கும் வரவுக்கும் நடுவே
ஒரு கட்டம் கூடியிருக்கிறது.
அதற்கு இன்னும் தலைப்பு இடவில்லை.

டிசம்பரில் ஒரு புகார்:
தயிரில் லேசாகப் புகைவாடை.
மன்னிப்புக் கேட்டு
முழுப்பணமும் முன்பணமும் திருப்பித் தந்தோம்.

ஜாடியை அவர் தரவில்லை.