அரை

வேதாளை. காலை ஐந்தேமுக்கால். வற்றம்.
பிவிசி குழாய்ச் சதுரத்தை
மெஹருன்னிஸா வீசுகிறாள்.
முதலாவதில் ஊரி ஏழு, நண்டுவளை மூன்று.
இரண்டாவதில் சாதாழையும் ஒற்றைச் செருப்பும்.
செருப்புக்குப் பட்டியலில் கட்டமில்லை.

மூன்றாவதில்
இடியாப்பம் பிழிந்தாற்போல் மணற்சுருள்.
முழங்கை வரை தோண்டினேன்.
பலனோகிளாசஸ்!
ரெக்கார்டு நோட்டில்
ரோஸ் பென்சிலால் வரைந்து
கையெழுத்து வாங்கிய அதே புழு
விரல் பட்டதும்
ஊறிய நூலாய் அறுந்தது.

வால்பக்கம் என் உள்ளங்கையில்.
செவுள்துளைகள் உள்ள பாதி
மணலுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"எண்ணிக்கை என்னடி போட?"

ஒன்று என்றால், மீதியை நான் பார்க்கவில்லை.
சுழியம் என்றால், கை நாறுகிறது.
அரை என்று எழுதினோம்.
அதற்குள் தண்ணீர் ஏறி
குழியைத் தூர்த்துவிட்டது.

பஸ்ஸிலும் விடுதியிலும்
மூன்று தரம் சோப்புப் போட்ட பிறகும்
அயோடபார்ம் வாடை,
யாருடைய புண்ணுக்கோ கட்டுப் போட்டுவிட்டு வந்தது மாதிரி.
அதே கையால் சோறு பிசைந்தேன்.

கருவில் ஐந்தாவது வாரம்
எனக்கும் இருந்தனவாம்
தொண்டையோரம் சில மடிப்புகள்.
அதையும் நான் பார்க்கவில்லை.

ரசம்
அந்த வழியாகத்தான் இறங்குகிறது.